ஐரா மேல் பனி விழுவதில்லை

ஐரா கெட்டுனென் மருத்துவமனையிலிருந்து திரும்பி வந்த வருடம், ஹவ்கிலம்பியில் அவள் வீட்டின் மேல் மட்டும் பனி விழவில்லை. நவம்பர் தொடக்கத்தில் ஊர் முழுக்க முழங்கால் உயரத்துக்குக் கொட்டியது. தேவாலயக் கூரை, பள்ளிக்கூட மைதானம், சிர்க்காவின் கடைவாசல், நிறுத்தி வைத்த கார்கள் என்று எதையும் விடவில்லை. ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் இருந்த ஐராவின் வீட்டுக்கு நேர் மேலே வந்ததும் பனித்துகள்கள் சற்றுத் தயங்கின. பிறகு காற்றே இல்லாத வானத்தில் பக்கவாட்டில் நகர்ந்து, குடாவைக் கடந்து, எதிர்க்கரையில் அவள் தம்பி ரெய்னோவின் வீட்டின் மேல் போய் இறங்கின. ரெய்னோ தன் பங்குப் பனியையும் அக்காளின் பங்குப் பனியையும் சேர்த்து வாரித் தள்ள வேண்டியிருந்தது. அந்த வருடம் டீசல் விலையும் ஏறியிருந்தது. ஊரில் இரண்டைப் பற்றியும் பேசினார்கள், டீசலைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாக.

ஐராவுக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. காட்டில் வெட்டிப் போட்ட பைன் தடிகளை லாரியில் ஏற்றி காகித ஆலைக்குக் கொண்டுபோவது அவள் வேலை. முதலில் வெறும் களைப்பு என்றாள். பிறகு பல் ஈறில் ரத்தம் நிற்கவில்லை. ஏப்ரலில் ஒரு நாள் லாரியின் படியில் கால் வைத்தவள் மேலே ஏற முடியாமல் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ரத்தப் புற்று என்றார்கள். மருந்தால் அடக்கலாம், ஆனால் திரும்பி வரும். அது வராமல் இருக்க வேண்டுமென்றால் அவளுடைய எலும்பு மஜ்ஜையை அழித்துவிட்டு இன்னொருவரின் ஸ்டெம் செல்லை ஏற்ற வேண்டும் என்றார் டாக்டர் நூர்மி. கூடப்பிறந்தவர்கள் உண்டா என்று அந்த அம்மாள் கேட்டபோது, யாரும் இல்லை என்று ஐரா சொல்லிவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் கணவன் பென்ட்டி தன் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒன்பது வருடத்துக்கு முன் ஐரா ஒரு பருவம் சுவீடனில் லாரி ஓட்டப் போயிருந்த சமயம், ரெய்னோ அம்மாவை முதியோர் இல்லத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தான். மூன்று வாரத்தில் அம்மா இறந்துபோனாள். கல்லறையில் பாதிரியாரும் ஊர்க்காரர்களும் நின்றுகொண்டிருக்கும்போதே ஐரா தம்பியைப் பார்த்து, "அவ தானா போற வரைக்கும் காத்திருக்க உனக்குப் பொறுமை இல்ல, அதானே?" என்றாள். ரெய்னோ தொப்பியை மாட்டிக்கொண்டு நடந்துவிட்டான். படகு இன்ஜின் பழுது பார்க்கிறவன், கல்யாணம் செய்துகொள்ளாதவன், இயல்பிலேயே பேச்சு குறைவு. அன்றிலிருந்து அக்காளிடம் அதுவும் நின்றது. ஒரே குடாவின் இரண்டு கரைகளில் இருவரும் இருந்தார்கள். இவள் அடுப்படி விளக்கு அவனுக்குத் தெரியும், அவன் பட்டறை விளக்கு இவளுக்குத் தெரியும். எந்த விளக்கு முதலில் அணைகிறதோ அது தோற்றதாக இருவருமே தனித்தனியாக வைத்துக்கொண்டிருந்ததால் மின்சாரக் கட்டணம் இரண்டு வீட்டிலும் அதிகம் வந்தது.

பென்ட்டி மனைவியிடம் சொல்லாமல் எதிர்க்கரைக்குப் போனான். பட்டறை வாசலில் நின்று விஷயத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் வானிலையைப் பற்றிப் பேசினான். ரெய்னோ ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "எந்தக் கையில குத்துவாங்க மச்சான்?" என்று கேட்டான். ஊருக்கே தெரிந்த விஷயம் அவனுக்குத் தெரியாமலா இருக்கும். பரிசோதித்துப் பார்த்ததில் இருவர் திசுவும் அச்சாகப் பொருந்தியது. ஆகஸ்டில் ஹெல்சிங்கி போய், சில நாள் ஊசி போட்டுக்கொண்டு, இரண்டு கையிலும் குழாய் மாட்டி ஒரு பகல் முழுக்க இயந்திரத்தின் பக்கத்தில் படுத்திருந்தான். மேல் மாடியில் அக்காள் இருந்தாள். பார்க்காமலே மாலை ரயிலில் திரும்பிவிட்டான்.

யாருடையது என்று தெரிந்தே ஐரா ஏற்றிக்கொண்ட பை தக்காளிச் சாறு போல இருந்தது. ஒரு மணி நேரத்துக்குள் தீர்ந்தும் போனது. "இவ்வளவுதானா?" என்று கேட்டாள். "இனிமேதாம்மா எல்லாம்" என்றாள் நர்ஸ். அது உண்மை. வாய் முழுக்கப் புண், எச்சில் விழுங்க முடியாது. முடி தலையணையில் தங்கியது. தனி அறை, முகமூடி போட்ட மனிதர்கள், காற்றைக்கூட வடிகட்டி உள்ளே விட்டார்கள். மூன்றாவது வாரத்தில் வெள்ளை அணுக்கள் தலைகாட்டின. எல்லாம் ரெய்னோவுடையவை. அவள் ரத்தப் பிரிவே மெல்ல அவன் பிரிவாக மாறத் தொடங்கியது. நர்ஸ்கள் இது உங்களுக்குப் புதுப் பிறந்தநாள் என்று கைதட்டினார்கள். ஐராவுக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் கையை வெளிச்சத்தில் நீட்டி நரம்பைப் பார்க்கும்போது, பேச்சுவார்த்தை இல்லாத ஒருவனை வீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டது போலவும் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மருத்துவமனை சொல்லி அனுப்பிய கட்டுப்பாடுகளைப் பென்ட்டி கையில் எடுத்தான். கதவுக் கைப்பிடியைத் தினமும் துடைத்தான். உப்பில் ஊறிய பச்சை மீன் கூடாது, புளூபெர்ரி வேகவைத்துத்தான், சவுனா என்கிற நீராவிக் குளியலறைக்கு டாக்டர் சொல்லும்வரை பூட்டு. காலையும் மாலையும் மாத்திரை. தம்பியின் செல்கள் அவள் உடம்பை அந்நியம் என்று நினைத்துத் தாக்காமல் அவற்றை அரைத் தூக்கத்தில் வைத்திருக்கும் மாத்திரை. எல்லாவற்றுக்கும் மேலாக மண் ஆகாது, மக்கிய இலை ஆகாது, பூஞ்சைத் தூள் நுரையீரலுக்குள் போனால் தீர்ந்தது. அதனால் பனி எப்போது விழும், மண்ணை எப்போது மூடும் என்று பென்ட்டி காத்துக்கொண்டிருந்தான். அது விழவில்லை. டிசம்பரில் ஊரே வெள்ளையாக இருக்க, அவர்கள் வீட்டைச் சுற்றி ஒரு வட்டத்துக்குள் புல் முளைத்தது. மஞ்சள் பூகூடப் பூத்தது. அக்கம்பக்கத்துக் காடுகளிலிருந்து முயல்கள் மேய வந்தன. பென்ட்டி தகரத் தட்டைக் கரண்டியால் அடித்து அவற்றை விரட்டினான். முற்றம் முழுக்கத் தார்ப்பாய் விரித்துக் கல் வைத்தான். ஊர்க்காரர்கள் குழந்தைகளோடு பூ பார்க்க வந்தபோது, "கிட்ட வராதீங்க, இருமாதீங்க, அங்கயே நின்னு பாத்துட்டுக் கிளம்புங்க" என்று வேலியோரம் நின்று கத்தினான். ஐரா ஜன்னலுக்குள்ளிருந்து, மொட்டைத் தலையில் கம்பளிக் குல்லாயோடு கையசைத்தாள். சாப்பாடு எதுவும் ருசிக்கவில்லை. ரை மாவு ரொட்டி காகித அட்டையாக இருந்தது. லாரியின் சத்தம் கேட்டால் மட்டும் எழுந்து உட்கார்ந்தாள்.

அந்த வட்டம் ஒரே அளவில் இருக்கவில்லை என்பதை முதலில் கவனித்தவள் கடைக்காரி சிர்க்கா. ஐராவுக்கு உடம்பு சூடாக இருக்கும் நாளில் வட்டம் வேலி தாண்டியது. நன்றாகத் தூங்கி எழுந்த நாளில் முற்றத்துக்குள் சுருங்கியது. அதன் பிறகு யாரும் பென்ட்டியிடம் உடம்பு எப்படி என்று கேட்பதில்லை. கடைக்கு வருகிறவர்கள் காபிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டே, "இன்னைக்கு எதுவரைக்கும் போயிருக்கு?" என்றார்கள். "தபால் பெட்டி வரைக்கும்" என்பாள் சிர்க்கா. "அப்ப பரவால்ல." பத்து மைல் தள்ளி இருந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில்கூட அதைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள்.

ஜனவரி கடைசியில் டாக்டர் நூர்மி மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொன்னார். தம்பியின் செல்கள் விழித்துக்கொண்டன. முதலில் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்தன. பிறகு மார்பு, முதுகு, முகம். தோல் வெயிலில் பொசுங்கியது போல உரிந்தது. வட்டம் தபால் பெட்டியைத் தாண்டி ஏரிக்குள் இறங்கியது. குடாவின் மேல் குளிர்காலத்தில் கார் போகும் பாதை உண்டு. பனிக்கட்டி சாம்பல் நிறமானதும் நகராட்சி அதை மூடியது. குழி தோண்டி மீன் பிடிக்கிறவர்கள் தங்கள் முக்காலிகளை எடுத்துக்கொண்டு முணுமுணுப்போடு வடக்கே போனார்கள். எதிர்க்கரையில் ரெய்னோவின் வீட்டில் ஜன்னல் தெரியவில்லை. புகைபோக்கி மட்டும் தெரிந்தது.

பிப்ரவரியில் ஒரு காலை ஐராவால் எழுந்திருக்க முடியவில்லை. வயிற்றில் எதுவும் நிற்கவில்லை, போனதெல்லாம் ரத்தமாகப் போனது. போனில் நர்ஸ் பென்ட்டியின் பேச்சைப் பாதியில் நிறுத்தி, ஆம்புலன்ஸ் அனுப்புகிறேன், தாமதம் ஆகக் கூடாது என்றாள். குடாவைச் சுற்றி வரும் சாலை ரெய்னோவின் வீட்டுக்குப் பின்னால்தான் போகிறது. ஒரு வாரமாக இரண்டு பங்கு பனி விழுந்து அங்கே சாலையே இல்லை. ஆம்புலன்ஸ் அந்தப் பனிச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. பனிப்பொழிவில் ஹெலிகாப்டர் வராது. பென்ட்டி ஐராவைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்து நின்றான். மைனஸ் முப்பது டிகிரியில் குடா முழுக்க உருகிக் கறுப்புத் தண்ணீராகி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அந்த ஆவிக்குள்ளிருந்து துடுப்புச் சத்தம் கேட்டது.

சைரன் சத்தம் கேட்டதிலிருந்து ஆம்புலன்ஸுக்கு வழி வெட்டிக்கொண்டிருந்த ரெய்னோ, தண்ணீரைப் பார்த்ததும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, பனிக்கடியில் கவிழ்ந்து கிடந்த பழைய படகைத் தோண்டி எடுத்திருந்தான். தன் வீட்டிலிருந்து ஆம்புலன்ஸ் வரைக்கும் ஒரு ஆள் போகும் அளவுக்கு அதற்குள் வெட்டி முடித்தும் இருந்தான். முகமூடி போட்டிருந்தான். அக்காளை வாங்கிப் படகின் பின்பக்கம் கிடத்தினான். பென்ட்டியும் ஏறக் காலை வைத்தான்.

"மூணு பேரைத் தாங்காது மச்சான். நீ இங்கயே நில்லு."

"ரெய்னோ, அவ எனக்கு..."

"தெரியும்" என்று சொல்லிப் படகைத் தள்ளினான்.

ஐரா மல்லாந்து கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. தம்பியின் முகத்தை இவ்வளவு அருகில் பார்த்து ஒன்பது வருடமாகிறது. தாடி நரைத்து அவர்கள் அப்பாவைப் போலவே ஆகியிருந்தான். இருவரும் பேசவில்லை. கரையை விட்டுக் கொஞ்ச தூரம் வந்ததும் படகின் பக்கவாட்டில் கண்ணாடி நொறுங்குவது போலச் சத்தம் கேட்டது. தண்ணீர் இரண்டு ஓரத்திலிருந்தும் உறைந்து வந்துகொண்டிருந்தது. துடுப்பு ஒவ்வொரு முறையும் முந்தின முறையைவிடக் கனமாக எழுந்தது. கடைசியில் ஓரிடத்தில் படகு நின்றேவிட்டது. ரெய்னோ எழுந்து துடுப்பால் குத்தினான். ஓர் அடி நகர்ந்தது, மறுபடி நின்றது. ஐராவுக்குச் சிரிப்பு வந்தது. இங்கேயா, இவனோடா, என்று நினைத்தாள்.

"அம்மாவை மூணு வாரத்துல முடிச்ச. என்னை முடிக்க உனக்கு ஆறு மாசம் ஆகுது" என்றாள்.

ரெய்னோ துடுப்போடு அப்படியே நின்றான். "சொல்லு. இன்னொரு தடவை சொல்லு."

"காது கேக்கலையா?"

"ஒன்பது வருஷமா கேட்டுட்டேதான் இருக்கு! உனக்கு என்ன தெரியும்? அம்மா வெறும் நைட்டியோட இந்த ஏரி மேல நடந்து போச்சு, தெரியுமா? ரெண்டு தடவை. ரெண்டாவது தடவை நான் பாக்கும்போது அது காலு நீலமா இருந்துச்சு. எங்க போறன்னு கேட்டா, ஐராவோட லாரி சத்தம் கேக்குது, காபி குடுக்கப் போறேன்னு சொல்லுது!"

படகுக்கு அடியில் ஏதோ பிளந்தது. முன்னால் ஒரு விரிசல் ஓடி, அதில் ஆவி கிளம்பியது. ரெய்னோ அதைப் பார்த்தான். உட்கார்ந்து துடுப்பைப் போட்டான். படகு நகர்ந்தது.

"என்கிட்ட ஏன்டா சொல்லல?"

"அம்மா சொல்லாதேன்னுச்சு. சத்தியம் வாங்கிச்சு."

"புத்தி தெளிவா இருந்தப்பவா, இல்லாதப்பவா?"

ரெய்னோ பதில் சொல்லாமல் துடுப்புப் போட்டான். ஓரங்களில் மறுபடி அந்தச் சத்தம்.

"பேசுடா!" என்று ஐரா கத்தினாள். கத்தியதில் வாய்ப்புண்ணிலிருந்து ரத்தம் வந்தது. "மூடுது பாரு, பேசு! அவ சொன்னாளாம், இவரு கேட்டாராம். ஒரு போன் போட்டிருந்தா லாரியை அப்படியே ரோட்டுல விட்டுட்டு வந்திருப்பேன். நான் வந்திருக்க மாட்டேனா?"

"வந்திருப்ப! வந்து, நான் பாத்துக்கிட்டது சரியில்லன்னு ஊரக் கூட்டிச் சொல்லியிருப்ப. அதத்தானே கடைசில சொன்ன!"

"சொன்னேன். இப்பவும் சொல்றேன்!"

"சொல்லு! நல்லா சத்தமா சொல்லு!"

இரண்டு கரையிலும் நின்றவர்களுக்கு ஆவிக்குள்ளிருந்து கூச்சல் மட்டும்தான் கேட்டது. படகுக்கு முன்னால் குடா ஒரு கோடாகத் திறந்துகொண்டே போனது, பின்னால் மூடிக்கொண்டே வந்தது. ரெய்னோவின் படகுத்துறையில் படகு இடித்தபோது இருவரும் அழுதுகொண்டிருந்தார்கள், ஆனால் திட்டுவதை நிறுத்தவில்லை. ஸ்ட்ரெச்சர் தூக்கிய பையன்களில் ஒருவன், நோயாளி பேசக் கூடாது என்று சொல்லிப் பார்த்தான். "நீ உன் வேலையப் பாரு" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

வசந்தம் வரை ஐரா மருத்துவமனையில் இருந்தாள். ஸ்டீராய்டு கொடுத்ததில் முகம் நிலா போல ஊதியது, கை நடுங்கியது, தூக்கம் போனது. ஒரு வாரம் எந்தப் பக்கம் சாயும் என்று டாக்டருக்கே தெரியவில்லை. ரெய்னோ தினமும் வந்து தாழ்வாரத்தில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு நாள் டாக்டர் நூர்மியை மறித்து, "என் கோவந்தான் அவளைத் தின்னுதா டாக்டர்?" என்று கேட்டான். செல்லுக்குக் கோபதாபம் ஒன்றும் கிடையாது, அது அந்நியம் என்று நினைப்பதை அடிக்கிறது, அவ்வளவுதான் என்றார் டாக்டர். பிறகு, கொஞ்சம் சண்டை இருப்பது நல்லதும்கூட என்று சொன்னார். அக்காளின் பழைய நோய் எங்காவது மிச்சம் ஒளிந்திருந்தால் அதையும் தேடி அடிப்பது இந்தச் செல்கள்தான். அதிகமானால் ஆளைக் கொல்லும், அறவே அடங்கினால் நோய் எழும். ரெய்னோ அதைத் தன் புத்திக்கு எட்டிய வகையில் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனான்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் ரெய்னோ வந்து, கை கழுவி, முகமூடி போட்டு, கதவோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அக்காளோடு சண்டை பிடித்தான். அம்மா, அப்பாவின் துப்பாக்கி, சின்ன வயதில் ஐரா மூழ்கடித்த மிதிவண்டி என்று வரிசையாக வந்தது. ஐராவுக்கு முடி சுருட்டையாக முளைத்தது. கண் மட்டும் வறண்டே இருந்தது, சொட்டு மருந்து தேவைப்பட்டது. குழந்தைகளுக்குப் போடும் தடுப்பூசிகளை மறுபடி முதலிலிருந்து போட வேண்டியிருந்தது. தாய்மார்களுக்கு நடுவில் உட்கார்ந்து தன் முறைக்குக் காத்திருந்தாள்.

இரண்டாவது குளிர்காலத்தில் வட்டம் முற்றத்தை விட்டு, படியை விட்டு, சுவரோரத்துக்குச் சுருங்கியது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஐராவின் கூரையில் மெல்லிசாகப் பனி படிந்திருந்தது. பென்ட்டி ஏணி வைத்து ஏறி அதைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து மனைவியைக் கட்டிக்கொண்டான். சிர்க்கா கடையில் எல்லாருக்கும் காபி இலவசம் என்றாள். ஐரா மட்டும் சிரிக்கவில்லை. சில வாரங்களாகத் தம்பி சண்டை போடுவதில்லை என்பது அவளுக்குத்தான் தெரியும். வந்து உட்கார்ந்து, "சாப்டியாக்கா?" என்று கேட்கிறான். என்ன திட்டினாலும், "சரி விடுக்கா" என்கிறான். அவள் கேட்டுக்கொண்டபடி ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். அதில் ரெய்னோவின் பங்கு குறைந்திருந்தது. அவளுடைய பழையது லேசாக எட்டிப் பார்த்தது.

டாக்டர் மிச்சமிருந்த மாத்திரையை நிறுத்தினார். ரெய்னோ மறுபடி போய்க் கை நீட்டினான். இந்த முறை செல்களைச் சண்டைக்கென்றே ஏற்றினார்கள். பலன் தெரிய வாரங்கள் ஆகும் என்றார்கள். கூரையில் பனி ஏறிக்கொண்டே போனது. ரெய்னோ நாற்காலியில் உட்கார்ந்து முஷ்டியை மடக்கிப் பார்த்தான், கோபம் வரவில்லை. "வரமாட்டேங்குதுக்கா" என்று தலையைக் குனிந்துகொண்டான். "உன்னப் பாத்தா பாவமா இருக்கு."

அந்தச் சொல்லைக் கேட்டு ஐரா இரவெல்லாம் கிடந்தாள். மறுநாள் தம்பி பட்டறையில் இருக்கும் நேரம் பார்த்து, உறைந்த குடாவின் மேல் தனியாக நடந்து எதிர்க்கரைக்குப் போனாள். நடுவில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினாள். ரெய்னோவின் அடுப்படியில் அம்மாவின் காபிக் கெட்டில் இருந்தது, ஒரு பக்கம் நசுங்கிய செம்புக் கெட்டில். தினமும் அவன் அதில்தான் குடிக்கிறான் என்று அடியில் இருந்த கரி சொன்னது. அவள் அதைக் கோட்டுக்குள் வைத்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

சாயங்காலத்துக்குள் ரெய்னோ வந்தான். முகமூடி போட மறந்திருந்தான்.

"எங்க அது?"

"எது?"

"ஒன்பது வருஷம் எட்டிப் பாக்காதவளுக்கு இப்ப கெட்டில் கேக்குதா? அம்மா அத எங்கிட்டதான் குடுத்துச்சு!"

"மூத்தவ நான்."

"திருடி! வெக்கமில்லாத திருடி!"

மேலே கூரையிலிருந்து பனி மொத்தமாகச் சரிந்து விழுந்தது, வீடே அதிர்ந்தது. பென்ட்டி வெளியே ஓடிப் பார்த்துவிட்டு வந்து, நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டு, "இன்னும் கொஞ்சம் திட்டு மச்சான்" என்றான்.

அடுத்த வாரம் ரெய்னோ கெட்டிலைத் திருடிக்கொண்டு போனான். அதற்கடுத்த மாதம் ஐரா திருடினாள். டாக்டர், ஏற்றிய செல்கள் வேலை செய்தன என்று எழுதினார். ஊரில் அவரை யாரும் மறுக்கவில்லை. பழைய நோயின் தடம் ரத்தத்தில் அழிந்தது. ஐரா சவுனாவுக்குப் போனாள், பச்சை மீன் தின்றாள், அரை நாள் வேலைக்கு லாரி ஏறினாள். களைப்பு முழுக்கப் போகவில்லை. அது போகாது என்று தெரிந்துகொண்டு அதற்கும் வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கி வைத்தாள். ஐந்தாவது வருடம் இனி ஆண்டுக்கு ஒரு முறை வந்தால் போதும் என்றார்கள். வட்டம் அதற்குள் வீட்டை விட்டுவிட்டது. முற்றத்தில், கூரையில், தபால் பெட்டியில் எல்லார் வீட்டிலும் போலப் பனி விழுந்தது. அவள் மேல் மட்டும் விழவில்லை.

ஊருக்குப் புதிதாக வந்த பாதிரியார் ஒரு சனிக்கிழமை கடைவாசலில் அதைப் பார்த்தார். அடர்த்தியாகக் கொட்டும் பனியில் ஒரு பெண் குல்லாய் இல்லாமல் வருகிறாள், சுருட்டை முடியில் ஒரு துகள்கூட இல்லை. அவளுக்கு இரண்டடி பின்னால் வரும் நரைத்த தாடிக்காரனின் தோளிலும் தொப்பியிலும் இரண்டு பேருக்கான பனி. பாதிரியார் கடைக்குள் திரும்பி, இது என்ன என்று கேட்டார்.

"அதுவா? அக்காளும் தம்பியும்" என்ற சிர்க்கா, காபிப் பொட்டலத்தின் மேல் புது விலையை ஒட்டினாள். வெளியே தாடிக்காரன் தோளைத் தட்டிவிட்டுக்கொண்டே, கொஞ்சம் தள்ளி நடந்து தொலைக்கச் சொல்லி அக்காளைத் திட்டினான். அவள் தள்ளி நடக்கவில்லை.